பன்னிரண்டு பாக்கெட் மானம்

"நாம அறுபது அனுப்பினோம். நாப்பத்தெட்டுதான் வந்து சேர்ந்துச்சுன்னு போட்டிருக்கான்," என்றாள் பொற்கொடி, மடிக்கணினியைக் கணவன் பக்கம் திருப்பியபடி.

பாண்டியராஜன் நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "மிச்சம் பன்னெண்டு?"

"அதைத்தான் காணோமாம்."

"காணோம்னா? அது என்ன கம்மலா, திருகாணி கழண்டு விழுகுறதுக்கு? நூறு கிராம் ஏலக்காய் பாக்கெட்டு. அதுல என் போட்டோ வேற இருக்கு."

"அதான் பயந்து ஓடிருச்சோ என்னமோ," என்றாள் பொற்கொடி.

பாண்டியராஜன் அதைக் காதில் வாங்கவில்லை. பெரிய மனிதர்கள் பல விஷயங்களைக் காதில் வாங்குவதில்லை. அவர் அந்தப் பழக்கத்தை இருபத்தைந்து வயதிலேயே தொடங்கிவிட்டார். இப்போது ஐம்பத்து நான்கு. போடியில் ஏலக்காய் ஏல மையத்துக்குப் போகிற சாலையில் சரக்கு வைக்கிற கிட்டங்கி. வாசலில் 'பாண்டியா பிரீமியம் ஏலம்' என்று ஒரு பலகை. அதன் கீழே 'நிறுவனர், தர வல்லுநர், ஏற்றுமதித் தகுதி பெற்றவர்' என்று மூன்று வரி. ஏற்றுமதி செய்தவர் என்று எழுதவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பொய் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

போடியில் காயைப் பார்த்தே தோட்டத்தைச் சொல்லிவிடுவேன் என்று சொல்லாத வியாபாரி இல்லை. பாண்டியராஜன் அதற்கும் ஒரு படி மேலே போவார். செடியிலிருந்து எத்தனையாவது எடுப்பு, எடுத்த அன்றைக்கு மழையா வெயிலா, உலர்த்தியவனுக்கு வீட்டில் சண்டையா சமாதானமா என்பது வரைக்கும் சொல்வார். யாரும் மலையேறிப் போய்ச் சரிபார்த்ததில்லை என்பதால் இதுவரை ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

இரண்டு வருடமாக ஆன்லைன் வியாபாரம். பாக்கெட்டுகளை ஒரு கம்பெனியின் கிடங்குக்கு அனுப்பிவிட்டால், அவர்களே விற்றுக் கமிஷன் போகப் பணம் தருவார்கள். பெண்கள் பெயரில் கடை திறந்தால் கமிஷனில் சலுகை என்று கம்பெனி சொன்னதால் கணக்கு பொற்கொடி பெயரில் இருந்தது. கம்பெனியிலிருந்து வருகிற கடிதமெல்லாம் 'அன்புள்ள பொற்கொடி' என்றுதான் தொடங்கும். நிறுவனருக்கு அது கொஞ்சம் உறுத்தும். ஆனாலும் கமிஷன் கமிஷன்தான்.

"தொலைஞ்ச சரக்குக்கு ஈடு கேட்டு எழுது," என்றார். "கொஞ்சம் கோபமா எழுது."

"கோபமா எழுத இதுல எடமில்லை. நாலு கட்டம்தான் இருக்கு. ஒண்ணைத் தொடணும்."

"அப்ப அழுத்தித் தொடு."

மூலையில் முறத்தை மடியில் வைத்துக் காய் பொறுக்கிக்கொண்டிருந்த மாயக்காள் தலை குனிந்து சிரித்தாள். வெளுத்ததையும் வெடித்ததையும் ஒதுக்கித் தரம் பிரிப்பது அவள் சோலி. வாரத்தில் மூன்று நாள் இங்கே, மற்ற நாள் கூப்பிடுகிற கிட்டங்கியில். இந்தத் தெருவில் அவள் கைபடாத காய் குறைவு. அவள் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

*

பன்னிரண்டு பாக்கெட் தொலைந்ததை பாண்டியராஜன் ரகசியமாக வைத்திருக்கலாம். ஆனால் அவருக்கு வாய்த்த வாய் அப்படி. மறுநாள் ஏலம் முடிந்து டீக்கடையில் ஏழெட்டு வியாபாரிகள் நின்றபோது அவரே ஆரம்பித்தார்.

"பன்னெண்டு பாக்கெட்டைத் தொலைச்சுப்புட்டான். விடுவனா? எழுதிப் போட்டிருக்கேன். பாண்டியராஜன் சரக்குன்னா தொட்டவன் பதில் சொல்லணும்."

"உனக்கு இது வேணும் மாப்ளே," என்றார் அழகுமலை.

அழகுமலைக்கு மூன்று கடை தள்ளிக் கிட்டங்கி. முப்பது வருடமாக இருவரும் ஒரே ஏலத்தில் எதிரெதிரே உட்கார்ந்து விலையை ஏற்றிவிட்டுக்கொண்டவர்கள். மாப்ளே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த ஒரு சொல்லைத் தாண்டி இருவருக்கும் நடுவில் அன்பு கிடையாது.

"மூஞ்சி தெரியாதவன்கிட்டச் சரக்கைக் குடுத்தா இப்பிடித்தான் ஆகும். நானெல்லாம் அந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்க மாட்டேன்," என்றார் அழகுமலை.

"உனக்குக் கம்ப்யூட்டர் வராதுன்னு சொல்லு."

"வராதுதான். ஆனா ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. மொதல்ல கொஞ்சூண்டு காசைக் குடுத்து வாயை அடைக்கப் பார்ப்பான். நீ வேணாம்பே. பில்லைக் கொண்டாம்பான். பில்லைக் குடுத்தா, பாக்கெட் போடுறதை வீடியோ எடுத்துக் கொண்டாம்பான். வீடியோவைக் குடுத்தே, இருக்குற மிச்சத்தையும் புடிச்சு வச்சுக்குவான். அதோட உன் கடைக்குப் பூட்டு."

"இம்புட்டு வெவரம் உனக்கு எப்பிடித் தெரியும்?"

அழகுமலை டீயை ஒரே மடக்கில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். "ஊர்ல பேசிக்கிறாக," என்றார் ஒருவழியாக.

"பேசுறவன் பேசட்டும். நான் வாங்கிக் காட்டுறேன்."

"நீ மட்டும் முழுப் பணத்தையும் வாங்கிட்டா, என் கையால உனக்கு ஏலக்காய் மாலை போடுறேன். எட்டு மில்லி காய்ல, இருக்குறதுலயே பெருசு."

கூடியிருந்தவர்கள் அதை உடனே ஒப்பந்தமாக்கிவிட்டார்கள். அடுத்தவன் மானம் பந்தயத்தில் இருக்கும்போது டீ கொஞ்சம் கூடுதலாக ருசிக்கும். பன்னிரண்டு பாக்கெட் ஏலக்காய் அந்த நிமிடத்திலிருந்து ஏலக்காயாக இல்லை.

*

மூன்றாம் நாள் பதில் வந்தது.

"அறுநூத்திப் பன்னெண்டு ரூபா தர்றாங்களாம்," என்று படித்தாள் பொற்கொடி.

"ஒரு பாக்கெட்டுக்கா?"

"பன்னெண்டுக்கும். மசாலாப் பொருள்னு மொத்தமாச் சராசரி போட்டிருக்கான். ஒண்ணுக்கு அம்பத்தொரு ரூபா."

பாண்டியராஜன் எழுந்து நின்றார். "அம்பத்தொண்ணா? மொய் எழுதுறானா? கொத்தமல்லிக்குப் போடுற வெலையை என் காய்க்குப் போட்டிருக்கான். நானூத்தி எழுவத்தஞ்சு ரூபாக் காய்."

"ஏங்க, குடுக்குறதை வாங்கிக்கிட்டு விட்டுருவோம். தீவாளி ஆர்டர் வர்ற நேரம். இதைப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு இருந்தா இருக்குற சோலி கெட்டுப்போகும்."

"காசுக்காகவா சொல்றேன்? நாளைக்கு அழகுமலை மொகத்துல எப்பிடி முழிப்பேன்? வேணாம்னு எழுது."

வேண்டாம் என்று எழுதினாள். காய் வாங்கிய பில்லைக் கொண்டுவரச் சொல்லி அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

பாண்டியராஜனுக்கு அழகுமலையின் நாக்கு ஞாபகம் வந்தது. "கருநாக்குப் பய," என்றார்.

பில் விஷயத்தில் ஒரு சிக்கல். அந்தக் காயை ஏலத்தில் எடுக்கவில்லை. போடிமெட்டுக்கு மேலே தோட்டம் வைத்திருக்கும் மச்சினன் சோணையிடம் கடனுக்கு வாங்கியது. அதற்குச் சோணை கொடுத்தனுப்பிய ஆதாரம் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம்: 'மாமாவுக்கு ரெண்டு சாக்கு. ஜீப்பு வாடகை தனி. சோணை.'

"இதை அனுப்பட்டுமா?" என்று கேட்டாள் பொற்கொடி.

"அசிங்கம். மேல பாரு."

மேலே சுவரில், குலதெய்வப் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு பில் தொங்கியது. ஒருமுறை ஏல மையத்தில் அன்றைய உச்ச விலைக்குக் காய் எடுத்த பில். அதில் அவருக்கு நட்டம்தான். ஆனால் மறுநாள் பேப்பரில் 'போடி வியாபாரி' என்று பெயர் போடாமல் ஒரு வரி வந்திருந்தது. அந்த வரிக்காகத்தான் சட்டம்.

"அது வேற காய்ங்க."

"காய் வேறதான். வியாபாரி ஒருத்தன்தானே. எந்தத் தரத்துல வாங்குறவன்னு அவனுக்குத் தெரியட்டும்."

சட்டத்தோடு போட்டோ எடுத்து அனுப்பினார்கள். கண்ணாடியில் பாண்டியராஜனின் கைபேசியும் பாதி மீசையும் விழுந்திருந்தன. மறுநாள் காலையில் பதில் இருந்தது. அதைப் பொற்கொடி இரண்டு முறை மனதுக்குள் படித்துவிட்டுத்தான் வாய்விட்டுப் படித்தாள்.

"பில்லுல உள்ள தேதிப்படி இது ரெண்டு வருசத்துக்கு முந்தின காயாம். காலாவதியான சரக்கை விக்கிறீங்களான்னு சந்தேகமா இருக்காம். புதுக் காய்தான்னு நிரூபிக்க, பாக்கெட் போடுறதை வீடியோ எடுத்து அனுப்பணுமாம்."

"அனுப்பிருவோம். இதுல என்ன இருக்கு."

"அழகுமலை அண்ணே அனுப்பாதேன்னுதானே சொன்னாரு?"

அனுப்புவதற்கு அதைவிட நல்ல காரணம் பாண்டியராஜனுக்குத் தேவைப்படவில்லை.

வெள்ளைச் சட்டை, மோதிரம், நெற்றியில் விபூதி. மாயக்காளைப் படத்தில் முகம் விழாதபடி கொஞ்சம் தள்ளி உட்கார வைத்தார். பொற்கொடி கைபேசியைப் பிடித்தாள். பாண்டியராஜன் தராசில் பாக்கெட்டை வைத்தார். சரியாக நூறு கிராம் காட்டியது. கேமராவைப் பார்த்தார்.

"வணக்கம். இது நூறு கிராம். ஆனா இதோட நிறுத்துறவன் போடிக்காரன் இல்ல." பக்கத்தில் இன்னும் பொறுக்காத சாக்கில் கையை விட்டு ஒரு பிடி காயை அள்ளிப் பாக்கெட்டின் மேல் போட்டார். "எடை முடிஞ்ச பெறகு மேல ஒரு பிடி. எங்க தாத்தா போட்டாரு, அப்பா போட்டாரு, நான் போடுறேன். இந்த ஊர்ல எவனும் போடாம இருக்க மாட்டான். வாங்குறவுக மனசு குளிரணும்."

"அண்ணே, வயிறு பொடைச்சுப் போச்சு. மூடாது," என்றாள் மாயக்காள்.

"அமுக்கு."

அமுக்கினாள். சூட்டு மெஷினில் வாயை ஒட்டினாள். பாக்கெட்டில் இருந்த அவருடைய போட்டோவும் உப்பிப்போய், ஐந்து கிலோ கூடியவர் மாதிரி சிரித்தது.

வீடியோவைப் பார்த்து பாண்டியராஜனுக்கே பெருமை தாங்கவில்லை. வியாபாரிகள் எல்லோருக்கும் அதை அனுப்பினார். கம்பெனிக்கும் அனுப்பினார்.

கம்பெனியின் பதிலில் பெருமையைப் பற்றி ஒன்றும் இல்லை. லேபிளில் நூறு கிராம், வீடியோவில் நூற்றுப் பன்னிரண்டு. எழுதிய எடையும் உள்ளே உள்ள எடையும் ஒத்துவரவில்லை. ஆகவே, நல்லபடியாக வந்து சேர்ந்த நாற்பத்தெட்டு பாக்கெட்டும் விற்பனையிலிருந்து நிறுத்திவைக்கப்படுகிறது. பத்து நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் ஆன்லைன் கடைப் பக்கம் நிரந்தரமாக மூடப்படும். அன்புள்ள பொற்கொடி, தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.

"கொறைச்சுப் போட்டவனைப் புடிச்சிருக்காங்க, கேட்டிருக்கேன்," என்றாள் பொற்கொடி. "கூடப் போட்டு மாட்டுனது நீங்கதான்."

பாண்டியராஜன் நாற்காலியில் உட்கார்ந்தார். தீபாவளிக்கு மூன்று வாரம். சோணைக்கு இரண்டு சாக்குக் கடன். ஆனால் அந்த நேரத்தில் அவர் கண் முன்னால் தெரிந்தது அதெல்லாம் இல்லை. டீக்கடை தெரிந்தது. அழகுமலை கண்ணாடி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

*

"இனி எழுதிப் பிரயோசனமில்ல. நேர்ல பேசுனாத்தான் என் மதிப்பு அவனுக்குப் புரியும்," என்று கம்பெனியின் உதவி எண்ணை அழுத்தினார்.

ஏழு நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் குரல்.

"வணக்கம். கணக்கு வைத்திருப்பவர் திருமதி பொற்கொடி அவர்களிடம் பேச முடியுமா?"

"நான் பாண்டியராஜன். நிறுவனர்."

"மன்னிக்கணும் சார். கணக்கு வைத்திருப்பவரிடம் மட்டும்தான் பேச முடியும்."

பொற்கொடி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு அவள் இறங்கி வருவதற்குள் மறுபடியும் ஏழு நிமிடப் பாட்டு என்பதை நினைத்தார். தொண்டையைச் செருமினார்.

"நான்தான் பொற்கொடி பேசுறேன்," என்றார்.

"மேடம், உங்க குரல்..."

"மலைப்பனி. தொண்டை கட்டியிருக்கு."

"உங்க பிறந்த தேதி சொல்லுங்க மேடம்."

முப்பது வருடம் குடும்பம் நடத்திய மனிதர் விரல்விட்டு மாதங்களை எண்ணினார். ஆடி மாதம் என்பது வரைக்கும் தெரியும். "ஆடியில," என்றார். "வெள்ளிக்கெழமை."

அன்றைக்கே கடிதம் வந்துவிட்டது. கணக்கை வேறு யாரோ ஓர் ஆண் நபர் கைப்பற்ற முயற்சி செய்திருப்பதாகச் சந்தேகிக்கிறோம். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, அடையாள அட்டையுடன் வீடியோ அழைப்பில் வரவும்.

பொற்கொடி படித்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அந்த ஆண் நபர் யாருன்னு எனக்கும் தெரிஞ்சாகணும்."

"சரி விடு," என்றார் பாண்டியராஜன்.

"ஆடி பதினாலு. வெள்ளிக்கெழமை இல்ல, புதன். எழுதி வச்சுக்கங்க."

கடிதத்தின் அடியில் இன்னொரு வரி இருந்தது. கிடங்கில் உறை கிழிந்து உரிமையாளர் தெரியாமல் இருக்கும் ஏலக்காய் கண்டெடுக்கப்பட்டுள்ளது. வீடியோவில் காட்டப்படும். தங்களுடையதா என்று அடையாளம் சொல்லி உறுதி செய்தால் முழு விற்பனை விலையும் வழங்கப்படும். நிறுத்திவைத்த சரக்கும் விடுவிக்கப்படும்.

பாண்டியராஜன் அந்த வரியை மூன்று முறை படிக்கச் சொன்னார். மூன்றாவது முறை படித்து முடிக்கும்போது அவர் பழைய உயரத்துக்கு வந்திருந்தார்.

"காயைக் காட்டி அடையாளம் கேக்குறான். யாருகிட்ட? என்கிட்ட." மீசையை ஒதுக்கினார். "வீட்டு டிவியைக் கிட்டங்கிக்குக் கொண்டாரச் சொல்லு. எல்லாப் பயலையும் கூப்பிடுறேன். நாலு பேரு பார்க்கட்டும்."

*

செவ்வாய்க்கிழமை கிட்டங்கியில் பதினைந்து நாற்காலி போட்டிருந்தது. டீயும் வடையும் வந்தன. ஏல மையமே எழுந்து வந்த மாதிரி வியாபாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். அழகுமலை வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவர்தான் முதல் ஆளாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

"மாலைக்குக் காய் கோத்தாச்சா மாப்ளே?" என்று கேட்டார் பாண்டியராஜன்.

"மொதல்ல தட்டைக் காட்டட்டும்," என்றார் அழகுமலை. வடையை எடுத்தவர் கையிலேயே வைத்திருந்தார்.

பதினோரு மணிக்கு டிவியில் ஓர் இளைஞர் தோன்றினார். கழுத்தில் அட்டை. பெயர் ராம்பிரசாத், கோயம்புத்தூர்ப் பக்கக் கிடங்கின் மேலாளர். பொற்கொடி அடையாள அட்டையைக் காட்டினாள். பிறந்த தேதியைச் சரியாகச் சொன்னாள்.

"நன்றி மேடம். பக்கத்துல நிக்கிற சார் யாருங்க?"

"என் கணவர்."

"தர ஆலோசகர்," என்று திருத்தினார் பாண்டியராஜன்.

"சரிங்க சார். விஷயம் என்னன்னா, இங்கே பெல்ட்ல போகும்போது சில பாக்கெட் வாய் வெடிச்சிருக்கு. லேபிளும் கழண்டுபோச்சு. கொட்டின காயைத் தட்டுல எடுத்து வச்சிருக்கோம். எனக்கு ஒண்ணு மட்டும் புரியலைங்க. எத்தனையோ ஊர்ல இருந்து சரக்கு வருது. போடி பாக்கெட்டுங்க மட்டும்தான் வயிறு வெடிக்குது."

கிட்டங்கியில் பதினைந்து பேரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தார்கள்.

"ரெண்டு தட்டு இருக்கு. ரெண்டும் உங்க ஊர்ச் சரக்குதான், வேற வேற விற்பனையாளருடையது. இன்னொருத்தர் பேரைச் சொல்ல அனுமதியில்லை. அவங்களுக்கு வியாழக்கிழமை நேரம் குடுத்திருக்கோம். எது உங்களதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

முதல் தட்டைக் கேமராவுக்குக் கீழே நகர்த்தினார்.

நாற்காலிகள் முன்னால் நகர்ந்தன. காய் உருண்டு திரண்டு, கிளிப்பச்சையில், ஒன்றைப் போல் ஒன்று கிடந்தது. அழகுமலை நாற்காலியை விட்டுப் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். வடை கீழே விழுந்தது. பாண்டியராஜன் அதை ஓரக்கண்ணால் பார்த்தார். எதிராளியின் கையிலிருந்து வடை விழுவதைப் பார்க்கிற பாக்கியம் எல்லோருக்கும் கிடைத்துவிடாது.

"அடுத்த தட்டைக் காட்டவே வேண்டாம்," என்றார். "இது என் காய்."

"இருந்தாலும் விதிப்படி காட்டணும் சார்."

இரண்டாவது தட்டு வந்தது. காய் சின்னதும் பெரியதுமாகக் கிடந்தது. ஆங்காங்கே வெளுப்பு. சிலது வாயைப் பிளந்து விதையைக் காட்டியது.

"அண்ணே," என்றாள் மூலையிலிருந்து மாயக்காள். "அந்த ரெண்டாந் தட்டைக் கொஞ்சம் பக்கத்துல காட்டச் சொல்லுங்க."

"நீ சும்மா இருத்தா. பெரியவுக பேசிக்கிட்டு இருக்கோம்."

"மாப்ளே," என்று அழகுமலையும் சொன்னார். "வெரசாச் சொல்லிறாதே. ரெண்டாவதை நல்லாப் பாரு. அதுவும் மோசமில்ல. டிவியில கலர் சரியாத் தெரியாது."

"உன் கண்ணுக்குத் தெரியாது. என் கண்ணுக்குத் தெரியும்." பாண்டியராஜன் டிவிக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். இந்த நிமிடத்துக்காகத்தான் முப்பது வருடமாகக் காத்திருந்தது போல அவருக்குப் பட்டது. "தம்பி, எழுதிக்கங்க. மொதத் தட்டு. போடிமெட்டுக்கு மேல கெழக்குச் சரிவு. காலை வெயில் மட்டும் படுற எடம். மூணாவது எடுப்பு. முனையைப் பாருங்க, ஒண்ணுகூட வாய் பொளக்கல. உலர்த்துனவன் அவசரப்படல. வாங்குனவன் வெலையைப் பார்த்துப் பின்வாங்கல. தரம் பிரிச்சதைப் பாருங்க, எட்டு மில்லிக்குக் கொறைஞ்சு ஒரு காய் இருந்தா என் மீசையை எடுத்துக்கிறேன். இந்தக் காயை விக்கிறவன் சாதாரண ஆளா இருக்க முடியாது. தொழில்ல பயபக்தி உள்ளவன். நாணயஸ்தன். ஒரே வார்த்தையில சொன்னா, பெரிய மனுசன்."

அழகுமலை தோள் துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்தில் இருந்தவர் அவர் தொடையைத் தட்டி ஆறுதல் சொன்னார். பொறாமை ஒரு மனிதனை அழவைக்கும் என்பதை அன்றைக்குத்தான் பலரும் நேரில் பார்த்தார்கள்.

"ரெண்டாவது தட்டு?" என்று கேட்டார் ராம்பிரசாத்.

"அதைப் பத்திப் பேசணுமா? சரி, கேட்டுட்டீங்க. பாதி வெளுப்பு, பாதி வெடிப்பு. கீழ்த் தரைக் காயையும் மேல் தரைக் காயையும் ஒண்ணாக் கொட்டியிருக்கான். இதை வித்தவன் மொதல்ல கண்ணாடியை மாத்தணும். கடனுக்குக் கெடைச்சதுன்னு சாக்கைப் பிரிச்சுக்கூடப் பார்க்காம வாங்கியிருப்பான். பாயசத்துல போட்டா பாலுக்கு அவமானம். இப்பிடி ஒரு ஆளு இந்த ஊர்ல இருக்கான்னு நெனைச்சா எனக்கு வெக்கமா இருக்கு தம்பி."

கிட்டங்கி சிரித்தது. அழகுமலை மட்டும் சிரிக்கவில்லை.

"மேடம், கணக்கு உங்க பேர்ல இருக்கிறதால நீங்க சொல்லணும். முதல் தட்டு உங்களது. ரெண்டாவது உங்களது இல்லை. உறுதியா?"

பொற்கொடி மாயக்காளைப் பார்த்தாள். மாயக்காள் முறத்தைப் பார்த்தாள். பொற்கொடி கணவனிடம் மெதுவாகக் கேட்டாள். "நெசமாத்தானா?"

"காயைப் பார்த்து நான் என்னைக்காவது தப்பாச் சொல்லியிருக்கேனா?"

அந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் சொல்லிப் பழக்கமில்லை. "உறுதிதாங்க," என்றாள் பொற்கொடி டிவியைப் பார்த்து.

*

புதன்கிழமை காலையில் பணம் வந்துவிட்டது. ஐயாயிரத்து எழுநூறு. மொய்யில்லை, முழு விலை. நாற்பத்தெட்டு பாக்கெட்டும் விற்பனைக்கு விடப்பட்டன. கடைப் பக்கம் திறந்தது. மேலே ஒரு பிடி போடுவது பாராட்டத்தக்க வழக்கமென்றாலும் இனிமேல் அதையும் எடையில் சேர்த்து எழுதும்படி கம்பெனி அன்புள்ள பொற்கொடியைக் கேட்டுக்கொண்டது.

மத்தியானம் ஏலம் முடிந்ததும் டீக்கடை வாசலில் கூட்டம். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று எல்லோரும் சேர்ந்து அழகுமலையை முன்னால் தள்ளினார்கள். அவர் கையில் ஏலக்காய் மாலை. சொன்னபடி எட்டு மில்லி. போட்டோ எடுத்தார்கள். மாலையைக் கழுத்தில் போடும்போது அழகுமலை பாண்டியராஜனின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். பிறகு, "நீ சொன்ன வார்த்தையெல்லாம் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன் மாப்ளே," என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

தோற்றவன் இவ்வளவு கண்ணியமாகத் தோற்பதைப் பார்த்து பாண்டியராஜனுக்கே மனம் இளகிவிட்டது. மாலையைக் கழற்றாமலேயே தெரு முழுக்க நடந்து கிட்டங்கிக்கு வந்தார். எதிரே ஜீப்பில் மலையிலிருந்து இறங்கியவர்கள் இவருக்கு அறுபதாம் கல்யாணமோ என்று எட்டிப் பார்த்தார்கள்.

கிட்டங்கியில் மாயக்காள் காயைச் சலித்துக்கொண்டிருந்தாள். பாண்டியராஜன் சட்டைப் பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து அவள் முறத்தில் வைத்தார். வெற்றி பெற்றவர்கள் அந்த நேரத்தில் கொஞ்சம் தாராளமாக இருப்பார்கள்.

"வச்சுக்கத்தா. நீ பொறுக்குன காய்தானே. நேத்து பார்த்தியா, எத்தனை மைலுக்கு அப்பால இருந்தும் நம்ம காயை ஒரே பார்வையில எப்பிடிப் புடிச்சேன்னு?"

மாயக்காள் தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பார்த்தேண்ணே. அவரு காயை நீங்க அம்புட்டுப் பெருமையாப் பேசுனதுல அழகுமலை அண்ணனுக்குக் கண்ணே கலங்கிருச்சு. இன்னிக்கு அவரு கிட்டங்கியில பொறுக்கப் போயிருந்தேன், நாளைக்கு அவருக்கும் வீடியோ இருக்காம். மிச்சம் கெடக்குற நம்ம தட்டைத் தன்னுதுன்னு எப்பிடி வாய் கூசாமச் சொல்றதுன்னுதான் காலையில இருந்து முழிச்சுக்கிட்டு இருக்காரு."